"யூஸ்ட் டு" போட்டு நான் எழுதிய வசனம்

1

எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டார். "அக்கா, வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எதையெண்டாலும் எழுதுங்கோ. ஸ்னோவைப் பற்றி எழுதினாலும் காணும்" என்றார். ஸ்னோவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அது கொட்டினால் பஸ் பிந்தும், அவ்வளவுதான். அதனால் நான் எழுதிய ஓர் ஆங்கில வசனத்தைப் பற்றி எழுதுகிறேன். பன்னிரண்டு சொற்கள்கூட இல்லாத வசனம். ஆனாலும் என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் ஆகப் பெருமையாக நினைப்பது அதைத்தான்.

இந்தப் பங்குனியோடு நான் இங்கிலாந்தில் ஒரு கெயார் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் முடிகிறது. முதியவர்கள் நாற்பது பேர் தங்கியிருக்கும் வீடு. எழுப்புவது, குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் எங்கள் வேலை. அது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. எங்கள் அம்மா ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தபோது எல்லாம் செய்து பழகிய கைதான். என்னைக் கலங்கவைத்தது எழுத்துவேலை. ஒவ்வொரு நாளும் வேலை முடிவதற்குள் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எப்படி நடந்தார், மனம் எப்படி இருந்தது. அடுத்து வேலைக்கு வருகிறவர் அதை வாசித்துவிட்டுத்தான் அந்த மனிதரிடம் போவார். நீங்கள் எழுதாதது நடக்காதது. நீங்கள் பிழையாக எழுதினால் பிழையாகவே நடக்கும்.

நான் ஊரிலிருந்து உடுப்பிட்டிக்குச் சைக்கிளில் போய்ப் படித்த காலத்தில் மூன்று வருடம் எங்களுக்கு ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் கொழும்புக்குப் போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. ஆங்கிலப் பாட நேரத்தில் நாங்கள் வலைப்பந்து விளையாடினோம். அதில் மட்டும் எங்கள் வகுப்பை வெல்ல ஆள் இருக்கவில்லை.

2

வேலைக்கு வந்த முதல் வருடத்தில் நடந்தது இது. ஜோர்ஜ் என்று ஒரு கிழவர் புதிதாக வந்தார். ரயில் ஓட்டியவர். வந்த அன்று தேநீருக்கு மூன்று கரண்டி சீனி கேட்டு வாங்கிக் கலக்கிக் குடித்தார். "நாற்பது வருடமாக எனக்கு இப்படித்தான் பழக்கம்" என்றார். அதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பழக்கம் என்பதற்கு யூஸ்ட் டு என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். எனவே எழுதினேன்: "ஹீ யூஸ்ட் டு டேக் த்ரீ ஷுகர்ஸ்."

மூன்று சீனி எடுத்துப் பழகியவர் என்று எழுதியதாகவே நான் நினைத்தேன். ஆனால் அந்த வசனத்தை வாசித்த எல்லோருக்கும் வேறொன்று விளங்கியது. முன்பு மூன்று சீனி எடுத்தார், இப்போது எடுப்பதில்லை. ஆகவே அவருக்கு ஒரு கிழமை முழுவதும், ஏழு நாளும், சீனியில்லாத தேநீரே கொடுத்தார்கள். கேட்டால், "இல்லை ஜோர்ஜ், நீங்கள் விட்டுவிட்டீர்களே" என்று அன்பாகச் சொன்னார்கள். மனிதர் குழம்பிப்போனார். தனக்கு மறதி வந்துவிட்டது என்று மகனிடம் ரெலிபோனில் சொல்லி அழுதாராம்.

ஒரு கிழமை லீவு முடிந்து வந்தபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. உதவி மனேச்சர் லின் என்பவர் என் வசனத்தைக் காட்டி, எல்லோருக்கும் முன்னால், "செல்வா ஜோர்ஜின் சீனியைத் திருடிவிட்டாள்" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தன் மூளையே தன்னை ஏமாற்றிவிட்டது என்று ஒரு மனிதர் ஒரு கிழமை நம்பியிருக்கிறார். அதைச் செய்தது என்னுடைய ஒரு வசனம். ஜோர்ஜிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை மன்னித்தார். அன்று நான்கு சீனி போட்டுக் கொடுத்தேன்.

3

வீட்டுக்கு வந்து என் மகள் அபியைக் கேட்டேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளுக்கு இலக்கணம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் காதுக்குத் தெரியும்.

"அம்மா, 'ஹீ யூஸ்ட் டு' எண்டால் முந்திச் செய்தவர். இப்ப இல்லை. 'ஹீ இஸ் யூஸ்ட் டு' எண்டால் அவருக்கு அது பழகிப்போச்சு."

"ஒரு 'இஸ்'தானே வித்தியாசம்?"

"பிறகு 'இங்'கும் வரும். டேக் இல்லை, டேக்கிங்."

அவ்வளவுதான் அவள் சொன்னாள். கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள். நான் அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினேன். வேலைக்குப் போகும் பஸ் நாற்பது நிமிடம் ஓடும். போகும்போது பத்து வசனம், வரும்போது பத்து வசனம். "இஸ்" இல்லாமல் பத்து, "இஸ்" போட்டுப் பத்து. நூலகத்தில் ஓர் இலக்கணப் புத்தகம் இரவல் எடுத்து, பிழைபார்க்க அதையே வைத்துக்கொண்டேன். முதல் வகைக்கு என்னிடம் வசனங்களுக்குக் குறைவே இல்லை. அப்பா விடியக் கடலுக்குப் போவார், நாங்கள் மணலில் வலை காயப்போடுவோம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விடும். இரண்டாம் வகைக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த நாட்டில் எனக்கு என்ன பழகியிருக்கிறது என்று பஸ் யன்னலைப் பார்த்தபடி தேடுவேன். முதல் மாதத்தில் ஒரே ஒரு வசனம்தான் கிடைத்தது: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது எனக்குப் பழகிவிட்டது.

மெல்ல மெல்ல மற்றவையும் வந்தன. லுக் ஆஃப்டர், லுக் ஃபோர், கிவ் அப், கிவ் இன். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் சின்னச் சொல் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. தமிழில் "விட்டுக் கொடு", "விட்டு வை", "விட்டுப் பிடி" என்று நாங்கள் யோசிக்காமலே சொல்லிவிட்டுப் போகவில்லையா? அப்படித்தான் இதுவும் என்று தெரிந்தபிறகு பயம் குறைந்தது. மூன்று வருடத்தில் கொப்பிகள் ஏழாகின. ஆனால் வேலைத்தலத்தில் என்னை எல்லோரும் அந்தச் சீனிக் கதையாலேயே ஞாபகம் வைத்திருந்தார்கள். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் லின் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் மறுத்தது இல்லை. நடந்ததுதானே.

4

எட்டு வருடம் போனது. டொரத்தி வந்தார்.

டொரத்திக்கு எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வந்தார். இளமையில் தபால்காரியாக இருந்தவர். முப்பது வருடம் சைக்கிளில் மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கியவர். ஒல்லியான, பிடிவாதமான மனுஷி. தன்னால் முடியாது என்ற சொல்லே அவரிடம் இல்லை. ஆபத்தும் அதுதான்.

வந்த அன்று அவரைப் பற்றிய முதல் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னுடையது. அதை எப்போதும் தாளில் கையால் எழுதுவோம். பிறகு உதவி மனேச்சர் அதைப் பார்த்துக் கம்பியூட்டரில் பராமரிப்புத் திட்டமாகப் பதிவார். மற்றவர்கள் வாசிப்பது கம்பியூட்டரில் உள்ளதைத்தான். டொரத்தியின் மகள் ஆன் சொன்னதைக் கேட்டு நான் இரண்டு வசனம் எழுதினேன்.

"ஷீ யூஸ்ட் டு வோக் டு த டொய்லெட் ஓன் ஹெர் ஓன். நவ் ஷீ நீட்ஸ் வன் பேர்சன் வித் ஹெர்."

முன்பு தனியாகக் கழிப்பறைக்கு நடந்து போவார். இப்போது கூட ஓர் ஆள் வேண்டும். எழுதும்போதே எனக்கு ஒரு சந்தோஷம். எந்தச் சொற்றொடரில் தடுக்கி விழுந்தேனோ, அதை இன்று யோசிக்காமலே சரியாகப் போட்டிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைவேளை, நான் மேல்மாடியில் வேலையாக இருந்தபோது, டொரத்தி கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தார். கூட ஒருவரும் இருக்கவில்லை. மணிக்கட்டு முறிந்தது. நெற்றியில் ஐந்து தையல். என்ன நடந்தது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் எனக்கு விமானம். ஊரில் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம்.

5

எங்கள் வீடு பருத்தித்துறைப் பக்கம், கடலுக்குக் கிட்ட. அண்ணை இன்னும் தொழிலுக்குப் போகிறார். ஒரே மகளின் கல்யாணம் என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. மேளத்துக்கு அளவெட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அபியும் என்னோடு வந்திருந்தாள். இப்போது பதினாறு வயது. சேலை கட்டி, பூ வைத்து, ஆனால் வாய் திறக்கப் பயந்துகொண்டு என் பின்னாலேயே திரிந்தாள். பந்தியில் அண்ணை அவளுக்குக் கறி போடும்போது, "உறைக்கும் பிள்ளை, பாத்து" என்றார். அவள் துணிந்து தமிழில் சொன்னாள்:

"பரவாயில்லை மாமா. நான் உறைப்புக்குப் பாவிக்கப்பட்டிருக்கிறன்."

சிரிப்பு எழும்பியது பாருங்கள், பந்தலே அதிர்ந்தது. அபியின் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கியது. யூஸ்ட் என்பது பாவித்தது, அதாவது பயன்படுத்தியது. ஆகவே யூஸ்ட் டு என்பது பாவிக்கப்பட்டது. நான் ஜோர்ஜின் சீனியில் விட்ட அதே பிழையை அவள் மறுகரையில் நின்று விட்டிருக்கிறாள். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "பழகீட்டன் எண்டு சொல்லு. உறைப்புப் பழகீட்டன்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "இது ஈஸியா இருக்கே" என்றாள். "ஓம், ஈஸிதான். ஆனால் ஆராவது சொல்லித் தரவேணும்" என்றேன்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலை. பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வாடகைக் கதிரைகள் முற்றத்தில் அடுக்கியபடி இருந்தன. என் ரெலிபோனுக்கு மனேச்சரிடமிருந்து ஈமெயில் வந்தது. டொரத்தி விழுந்தது பற்றி ஆன் முறைப்பாடு செய்திருக்கிறார். நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார். பராமரிப்புத் திட்டத்தில், என் பெயரின் கீழ், "டொரத்தி தனியாக நடந்து பழகியவர்" என்று இருக்கிறது. அதனால்தான் யாரும் கூடப் போகவில்லை. இணைத்திருக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பவும். இது வெறும் ஒழுங்குமுறைதான், வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

வாக்குமூலம் ஒரு பந்திதான். "எனது ஆங்கில அறிவு போதாமையினால் எனது குறிப்பு பிழையாக அமைந்தது" என்பது அதன் சாரம்.

அவர்கள் எடுத்துக் காட்டியிருந்த வசனத்தை மூன்று தடவை வாசித்தேன். "ஷீ இஸ் யூஸ்ட் டு வோக்கிங்" என்று இருந்தது. ஒரு "இஸ்" இருந்தது. ஓர் "இங்" இருந்தது. இரண்டும் நான் போட்டவை அல்ல. என் இரண்டாவது வசனத்தைக் காணவேயில்லை.

அண்ணை வலையைத் தட்டியில் விரித்துவிட்டு வந்தார். மச்சாள் குசினிக்குள்ளிருந்து வந்தார். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருபது வருடம் இருந்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"வேலை போகாது எண்டு எழுதியிருக்கினம்தானே?" என்று அண்ணை கேட்டார்.

"போகாது அண்ணை. ஆனால் மருந்து குடுக்கிற பொறுப்பை எடுத்துப்போடுவினம். திரும்பவும் இங்கிலிஷ் சோதினை எழுதச் சொல்லுவினம். அது பரவாயில்லை. அந்த மனுசி என்னாலை விழுந்தது எண்டு எழுத்திலை இருக்கும். சாகும்வரைக்கும் இருக்கும்."

அண்ணை வாங்கில் அமர்ந்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் காலத்திலை ஒருக்கா நேவிக்காரர் கடலிலை மறிச்சு, தங்கடை கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், எனக்கு வாசிக்கத் தெரியாத பாசையிலை ஒரு பேப்பரை நீட்டினாங்கள். கையெழுத்து வை, வீட்டை போகலாம் எண்டாங்கள். வைச்சன். பிறகுதான் தெரிஞ்சுது, தடைசெய்த வலை பாவிச்சன் எண்டு நானே ஒப்புக்கொண்ட பேப்பர் அது. வலை போனது போகட்டும். நான் கள்ளன் எண்டு என்ரை கையாலையே எழுதிக் குடுத்திட்டு வந்தன், பிள்ளை. அப்பாவுக்குக்கூட நான் அதைச் சொல்லேல்லை."

எனக்கும் அன்றுதான் சொன்னார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, வைச்சன்," என்றார் அண்ணை. "உனக்கு வாசிக்கத் தெரியும். பிறகேன் வைக்கிறாய்?"

மச்சாள் உடனே வேலையில் இறங்கினார். "நீர் முதலிலை மூலப் பிரதியைக் கேளும். சங்கத்திலை கணக்கெடுக்க வாறவை சொல்லுறது இதுதான்: பதிஞ்சதைப் பாக்காதை, முதல் எழுதின தாளைப் பார். நீர் கையாலை எழுதின தாள் எங்கை?"

"ஃபைலுக்குள்ளை இருக்கவேணும். இரும்பு அலுமாரியிலை."

"அப்ப அதை ஒருத்தரும் எடுக்காமல் விசாரிக்கிற ஆள்தான் எடுக்கவேணும் எண்டு எழுதும். அந்த ஆளுக்கும் ஒரு பிரதி அனுப்பும்."

சாப்பாட்டு மேசையில், பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுதினேன். ஐந்து வசனம். அந்த வசனம் என்னுடையது அல்ல. நான் எழுதியது தாளில் இருக்கிறது. அதை நகரசபை அதிகாரி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை நான் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். திங்கட்கிழமை வேலைக்கு வருவேன், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வேன். ஆங்கிலத்தில் அதைவிட அழகாக எழுதலாம். ஆனால் அதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

எழுதியதை அபியிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதினால் சிவப்புப் பேனை எடுத்துத் திருத்துபவள் அவள். என் ஆங்கிலம் அவளுக்கு எப்போதும் வெட்கம். பெற்றோர் கூட்டத்தில் நான் வாய் திறக்கக்கூடாது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டவள். அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"அம்மா, ஒண்டையும் மாத்தாதேங்கோ."

"பிழை இல்லையோ?"

"இல்லை. இப்பிடியே அனுப்புங்கோ." பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் எண்டால் இவ்வளவு துணிவா எழுதமாட்டன்" என்றாள்.

நெல்லியடிக்குப் போய் அச்செடுத்து, கையெழுத்து வைத்து, ஸ்கான் பண்ணி அனுப்பினோம். கடைக்காரத் தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "வேலை விண்ணப்பமோ அக்கா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். ஒருவகையில் அது உண்மைதான்.

6

திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். மனேச்சர், லின், நகரசபை அதிகாரி, நான். அதிகாரி வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெறும் வயது. இரும்பு அலுமாரியைத் திறக்கச் சொல்லி, டொரத்தியின் ஃபைலைத் தானே எடுத்து, தாளைத் தேடினார். இருந்தது. என் கையெழுத்து. நீலப் பேனை. அவர் இரண்டு வசனத்தையும் சத்தமாக வாசித்தார். பிறகு கம்பியூட்டரில் உள்ளதை வாசித்தார்.

"இவை இரண்டும் ஒன்றா?" என்று லின்னைப் பார்த்துக் கேட்டார்.

மனேச்சர் குறுக்கிட்டு, "செல்வாவுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அவள் எதை நினைத்து எழுதினாள் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எதை நினைத்து எழுதினீர்கள்?"

ஏழு கொப்பி வசனம் என்னிடம் இருந்தது.

"நான் முன்பு பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஐ யூஸ்ட் டு சைக்கிள். இப்போது போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது எனக்குப் பழகிவிட்டது. ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் ஓன் சண்டேஸ். இப்போதும் செய்கிறேன். டொரத்தி முன்பு தனியாக நடந்தார், இப்போது நடப்பதில்லை. அதனால்தான் முதல் வகையை எழுதினேன். அதற்குப் பிறகும் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் இரண்டாவது வசனத்தை எழுதினேன். அந்த இரண்டாவது வசனம் எங்கே போனது?"

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "என் பேரப்பிள்ளைகளுக்கே இவ்வளவு தெளிவாக விளக்கத் தெரியாது" என்றார்.

லின்னின் முகம் சிவந்திருந்தது. மெதுவாகச் சொன்னார்: "நான் திருத்துவதாகத்தான் நினைத்தேன். செல்வா எப்போதும் 'இஸ்'ஸை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஜோர்ஜின் சீனியைப் போல. அவசரத்தில் இருந்தேன். முதல் வசனத்தை மாற்றியபிறகு இரண்டாவது அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் எடுத்துவிட்டேன்."

எட்டு வருடத்துக்கு முன் நான் விட்ட பிழை, நான் சரியாக எழுதிய வசனத்தைப் பிழையாக்கிவிட்டது. ஒரு கிழவியின் மணிக்கட்டை முறித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. துணி துவைக்கும் அறைக்குள் போய் நிற்கவேண்டும்போல் இந்த முறை எனக்கு இருக்கவில்லை.

"நான் ஒருமுறை பிழை விட்டேன், லின்" என்றேன். "அதை நீங்கள் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் படித்தேன். அதை நீங்கள் பார்க்கவில்லை. சந்தேகம் வந்திருந்தால் மேல்மாடிக்கு வந்து என்னைக் கேட்டிருக்கலாம். இருபது படிதான்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. செல்வராணியின் மூலக் குறிப்பு சரியானது. பின்னர் செய்யப்பட்ட மாற்றமே பிழை. இனி யாருடைய குறிப்பையும் எழுதியவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. மனேச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் மூத்த பணியாளர் பதவியும் தந்தார். லின் மன்னிப்புக் கேட்க ஒரு மாதம் எடுத்தார். ஆனால் கேட்டபோது எல்லோருக்கும் முன்னால் கேட்டார். இன்றைக்கும் படியேறி வந்து, "செல்வா, இந்த வசனத்தில் நீ சொல்வது இதுதானே?" என்று கேட்கிறார். நானும் அவரிடம் கேட்கிறேன். எங்கள் இருவரின் முழங்கால்களும் இப்போது ஒரேயளவு நோகின்றன.

கடிதத்தைப் படமெடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். மச்சாள் வாசித்து விளங்கப்படுத்தினாராம். அண்ணை ரெலிபோனில் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "நல்லது பிள்ளை. நல்லாச் செய்தாய்" என்றார். எங்கள் வீட்டில் அது ஒரு பட்டமளிப்பு விழா.

7

டொரத்தியின் கை பொருந்தியது. திட்டத்தில் என் இரண்டு வசனமும் திரும்ப வந்தன. கூட ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியவள் நான். அந்த ஆளாகவும் பெரும்பாலும் நானே இருந்தேன். படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் பதினெட்டு அடி. எங்களுக்கு ஏழு நிமிடம் எடுக்கும். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே வருவார். நாய்கள் துரத்திய கதை. யுத்தத்தில் மகனை இழந்த ஒரு தாய்க்குத் தபால் வராத நாட்களில் வாசலில் நின்று வெறும் வணக்கமாவது சொல்லிவிட்டுப் போன கதை. பனியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறிய கதை. இரண்டு வருடம், நாளுக்கு நாலைந்து தரம். கணக்குப் பார்த்தால் அவரும் நானும் பல மைல் நடந்திருப்போம்.

இந்த மார்கழியில் அவர் தூக்கத்தில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஆன் என்னிடம் வந்தார். முன்பு எங்கள்மேல் முறைப்பாடு செய்த அதே மகள். "தேவாலயத்தில் அம்மாவைப் பற்றி நான் பேச வேண்டும். எழுதத் தொடங்கினால் அழுகை வருகிறது. நீங்கள் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார்.

"நானா? ஆங்கிலத்திலா?"

"உங்களுக்குத்தான் அம்மாவின் கதைகள் தெரியும். எனக்கு அவர் அவற்றைச் சொன்னதே இல்லை."

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எழுதினேன். ஒரு பக்கம். ஏறக்குறைய ஒவ்வொரு வசனமும் ஒரே மாதிரித்தான் தொடங்கியது. ஷீ யூஸ்ட் டு. அவர் மழையில் கடிதங்களைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காப்பாற்றுவார். வாசலில் காத்து நிற்கும் தாய்மாருக்கு வெறுங்கையோடு போனாலும் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். இத்தனை நாள் ஒரு கொப்பிப் பயிற்சியாக நான் எழுதிய சொற்கள் இப்போது ஓர் உயிரைச் சுமந்தன. எழுதும்போது எனக்கு இலக்கணம் ஞாபகம் வரவில்லை. எழுதி முடித்துப் பார்த்தேன், பிழை இருக்கவில்லை.

தேவாலயத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். அபி லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். ஆன் மேடையேறி அந்தத் தாளை விரித்து, ஒரு சொல்லையும் மாற்றாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முன்வரிசைக் கிழவர்கள் சிரித்தார்கள், பிறகு மூக்கைத் துடைத்தார்கள். அபி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முடிந்து வெளியே வந்தபோது, டொரத்தியோடு தபால் வேலை செய்த ஒரு முதியவர் ஆனிடம் வந்து கேட்டார்.

"அது அப்படியே அவள்தான். யார் எழுதியது?"

ஆன் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கையைக் காட்டினார்.

"செல்வா எழுதினார்" என்றார். "அம்மாவோடு கூட நடந்தவர்."